ஜோ தாமஸ்: 10,363 ஸ்னாப், ஒரு பிளேஆஃப்கூட இல்லை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஆரம்பிக்கிற யாருக்கும் முதலில் கண்ணில் படுவது பந்தை எறிகிறவர், பிடிக்கிறவர், தூக்கிக்கொண்டு ஓடுகிறவர், இந்த மூன்று பேர்தான். எறிகிறவருக்கு முன்னால் குனிந்து நிற்கிற அந்த ஐந்து பெரிய உருவங்களைப் பற்றிக் கேட்டால் "அவங்க சும்மா தள்ளுவாங்க" என்று பதில் வரும். சும்மா தள்ளுகிறவர்களுக்கு ஏன் கோடிக்கணக்கில் டாலர் கொட்டுகிறார்கள் என்று யோசித்தவர்களுக்காக இந்தப் பக்கம். பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால் ஒரே ஓர் ஆளை, கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் ஜோ தாமஸை, வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

ஒஃபென்சிவ் லைன்மேனின் வேலைதான் என்ன?

தாக்கும் அணியில் முன்வரிசையில் நிற்கும் ஐந்து பேர். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, இரண்டு ஓரத்திலும் டேக்கில். சென்டர் பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் நிற்கும் குவாட்டர்பேக்கிடம் அனுப்புவார், அதற்குப் பெயர் ஸ்னாப். அந்த நொடியிலிருந்து இவர்களுக்கு இரண்டே வேலை. பந்தை எறியப்போகிறார்கள் என்றால் எதிரணி ஆட்கள் குவாட்டர்பேக்கை நெருங்காமல் மறிக்க வேண்டும். ஓடப்போகிறார்கள் என்றால் எதிரில் நிற்பவரை நகர்த்தி வழி உண்டாக்க வேண்டும்.

தேரோட்டத்தில் வடம் பிடிக்கிறவர்களை ஊரே பார்க்கும், சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு நடக்கிறவரை, கட்டை தவறினால்தான் பார்ப்பார்கள். லைன்மேன் நிலைமை கிட்டத்தட்ட அதுதான். அவர் பெயர் ஒலிபெருக்கியில் வந்தால் பெரும்பாலும் ஏதோ தப்பு செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

சரி, அதில் ஏன் ஜோ தாமஸ்?

2007 முதல் 2017 வரை 11 சீசன், ஒரே அணி, ஒரே இடம்: லெஃப்ட் டேக்கில், சட்டை எண் 73. முதல் பத்து சீசனிலும், ஒன்றுகூட விடாமல், சிறந்த ஆட்டக்காரர்களுக்கான புரோ பௌலுக்குத் தேர்வானார். ஆறு முறை அந்த இடத்தில் அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லிலேயே முதல் ஆள் என்று ஆல்-புரோ முதல் அணியில் வந்தார். அதே காலத்தில் அவருடைய அணி 176 ஆட்டங்களில் வென்றது 48, தோற்றது 128, சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. இந்த இரண்டு கணக்கும் ஒரே ஆளின் வாழ்க்கையில் எப்படி வருகிறது என்பது எனக்கு இந்த விளையாட்டிலேயே ரொம்பப் பிடித்த கேள்வி. ஜெயித்த அணியில் இருந்த லைன்மேனைப் புகழ்வது சுலபம். தோற்றுக்கொண்டே இருந்த அணியில் ஒருவரைத் தனியாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் லைன் ஆட்டம் பிடிபட்டது என்பேன்.

லெஃப்ட் டேக்கிலுக்கு மட்டும் ஏன் அவ்வளவு மவுசு?

பெரும்பாலான குவாட்டர்பேக்குகள் வலது கைக்காரர்கள். எறிவதற்காகக் கையை ஓங்கும்போது உடம்பு வலப்பக்கம் திரும்பும், இடப்பக்கத்திலிருந்து வருகிறவர் அவர் கண்ணில் படமாட்டார். 1981இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு வந்த லாரன்ஸ் டெய்லர் மாதிரியான வேகமும் எடையும் சேர்ந்த ஆட்கள் அந்தப் பக்கமாகப் பாய ஆரம்பித்த பிறகு, அங்கே நிற்கிற ஆள் யார் என்பது அணிகளுக்குப் பெரிய கவலையாகிவிட்டது. 1985 நவம்பரில் வாஷிங்டன் குவாட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் டெய்லரின் பிடியில் முறிந்ததைத் தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்த்த தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். தைஸ்மன் அதற்குப் பிறகு ஆடவில்லை.

இப்போது வலது ஓரத்திலும் அதே அளவு ஆபத்தான ஆட்களை நிறுத்துகிறார்கள், அதனால் ரைட் டேக்கிலுக்கும் மதிப்பு ஏறிவிட்டது. தாமஸ் ஆட வந்தபோது இடது ஓரம்தான் ராஜ இடம்.

ஒரு ஸ்னாப்பில் அவர் உண்மையில் என்ன செய்கிறார்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் டிவியில் பந்தின் பின்னாலேயே கேமரா போய்விடும்.

எறியும் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்னாப் ஆனதும் தாமஸ் பின்னோக்கி நகர ஆரம்பிப்பார், ஆனால் ஓடமாட்டார். இடது காலை உதைத்துப் பின்னால் வைப்பார், வலது கால் அதே அளவு தரையை ஒட்டி இழுபட்டு வரும், திரும்பவும் இடது கால். கிக் ஸ்லைடு என்பார்கள். முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், தோள் சட்டென்று வெளிப்பக்கம் திரும்பிவிடக் கூடாது. திரும்பினால் எதிராளி உள்பக்கமாகப் புகுந்து நேராகக் குவாட்டர்பேக்கிடம் போய்விடுவார். எதிரில் வருகிறவர் முன்னோக்கி முழு வேகத்தில் ஓடுகிறார், இவர் பின்னோக்கி நகர்ந்தே அவருக்கு முன்னால் இருக்க வேண்டும். நேரம் இரண்டரை, மூன்று நொடி.

அப்புறம் கை. எதிராளியின் மார்புத் தட்டுக்குள் உள்ளங்கையை வைக்க வேண்டும். தோளுக்கு வெளியே போய்ப் பிடித்து இழுத்தால் ஹோல்டிங், 10 யார்டு அபராதம், அதாவது அணி அவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும். கையை ஒரு கணம் முந்தி நீட்டினால் அவர் தட்டிவிட்டுச் சுற்றிப் போய்விடுவார், ஒரு கணம் பிந்தினால் இவர் மார்பில்தான் இடி விழும். தாமஸிடம் ஆரவாரமான மோதல் குறைவு. கால் சரியான இடத்துக்கு முதலிலேயே போய்விடும், கை அதற்குப் பிறகு நிதானமாக வரும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

வெளியூர் மைதானத்தில் இன்னொரு தொல்லை. கூட்டம் போடும் இரைச்சலில் குவாட்டர்பேக் கொடுக்கும் குரல் ஓரத்தில் நிற்பவருக்குக் கேட்காது. அதனால் ஒரு கண்ணைப் பந்தின் மீதும் ஒரு கண்ணை எதிராளி மீதும் வைத்துக்கொண்டு, பந்து அசைந்தால் அசைய வேண்டும். முந்தினால் 5 யார்டு அபராதம், பிந்தினால் எதிராளி ஓர் அடி முன்னால். பிரவுன்ஸ் இருந்த பிரிவில் பிட்ஸ்பர்க்கின் ஜேம்ஸ் ஹாரிசன், பால்டிமோரின் டெரல் சக்ஸ் போன்றவர்கள் இருந்தார்கள், அந்த அணிகளோடு வருடத்துக்கு இரண்டு ஆட்டம் கட்டாயம்.

இந்த வேலைக்கு எப்படி வருகிறார்கள்? சின்ன வயதிலேயே லைன்மேன் ஆகவேண்டும் என்று ஆசைப்படுவார்களா?

அநேகமாக யாரும் ஆசைப்படுவதில்லை. உடம்பு பெரிதாகிக்கொண்டே போகும், பயிற்சியாளர் ஒருநாள் கூப்பிட்டு இங்கே நில் என்பார். தாமஸ் விஸ்கான்சின் மாநிலத்தின் புரூக்ஃபீல்டில் வளர்ந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் குண்டு எறிதலும் வட்டு எறிதலும்கூட உண்டு, 140 கிலோ ஆளின் காலில் அவ்வளவு லாவகம் எப்படி என்பதற்கு அந்தப் பயிற்சியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

2005 சீசன் முடிவில் ஆபர்ன் அணியோடு நடந்த கேபிடல் ஒன் பௌல் என்கிற கல்லூரி ஆட்டத்தில், தற்காப்பில் ஆள் பற்றாக்குறை என்று தாமஸை அந்தப் பக்கமும் இறக்கினார்கள். முழங்கால் தசைநார் கிழிந்தது. உடனே தொழில்முறைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர் இன்னொரு வருடம் கல்லூரியிலேயே இருந்தார், 2006இல் நாட்டின் சிறந்த கல்லூரி லைன்மேனுக்கான அவுட்லேண்ட் கோப்பையை வாங்கினார்.

இதுதான் ஒரே வழி என்று நினைக்க வேண்டாம். பிலடெல்பியா ஈகிள்ஸ் சென்டர் ஜேசன் கெல்சி கல்லூரிக்கு உதவித்தொகைகூட இல்லாமல் ஓட்டக்காரராகச் சேர்ந்து, பிறகு லைனுக்கு மாற்றப்பட்டு, புது ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2011இல் ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்டு 13 சீசன் ஆடினார். அதே அணியின் ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தவர். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2018இல் ஏழாவது சுற்றில் எடுக்கப்பட்டார், இப்போது அந்த அணியின் லெஃப்ட் டேக்கில்.

டிராஃப்ட் அன்று மீன் பிடிக்கப் போனது நிஜமா?

நிஜம். 2007 ஏப்ரலில் முதல் சுற்றில் வரப்போகிறவர்களை நியூயார்க்குக்கு அழைத்தார்கள், கோட்டு சூட்டு, மேடை, கைகுலுக்கல் எல்லாம் உண்டு. இவர் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் படகில் இருந்தார். மூன்றாவது ஆளாக பிரவுன்ஸ் எடுத்த செய்தி அங்கேதான் போனது. அந்த வருடம் முதல் ஆளாக எடுக்கப்பட்ட குவாட்டர்பேக் ஜமார்கஸ் ரஸல் மூன்று சீசனில் லீக்கைவிட்டே போய்விட்டார். இதைப் படித்துவிட்டு உங்கள் அணியின் தேர்வாளர்கள் மேல் கோபம் வந்தால் நான் பொறுப்பல்ல.

10,363 என்கிற எண் என்ன?

முதல் ஆட்டத்தின் முதல் ஸ்னாப்பில் களத்தில் நின்றவர், அதற்குப் பிறகு அவருடைய அணி தாக்கிய ஒவ்வொரு ஸ்னாப்பிலும் நின்றார், தொடர்ச்சியாக 10,363. லீக் இந்தக் கணக்கை வைக்க ஆரம்பித்த 1999க்குப் பிறகு இவ்வளவு நீளமான தொடர் வேறு யாருக்கும் இல்லை.

ஆட்டங்களை விடாமல் ஆடுவது வேறு, ஸ்னாப்பை விடாமல் ஆடுவது வேறு என்பதைக் கவனியுங்கள். கணுக்கால் சுளுக்கினால் இரண்டு ஸ்னாப் வெளியே உட்கார்ந்துவிட்டு வரலாம், ஆட்டக் கணக்கு கெடாது. ஹெல்மெட் பட்டை அறுந்தால்கூட ஒரு ஸ்னாப் போய்விடும். 30 புள்ளி பின்தங்கி, ஜெயிக்க வழியே இல்லாமல், கூட்டம் பாதி கலைந்த பிறகும் அவர் அந்த இடத்தில் நின்றார். பிரவுன்ஸுக்கு அப்படிப்பட்ட மாலைகள் நிறைய.

முடிந்தது 2017 அக்டோபர் 22. டென்னசி டைட்டன்ஸோடு ஆட்டம், மூன்றாவது கால்பகுதி, மேற்கையின் பின்பக்கத் தசை கிழிந்தது. பிரவுன்ஸ் அந்த ஆட்டத்தையும் கூடுதல் நேரத்தில் 12-9 என்று தோற்றது. அடுத்த மார்ச்சில் 33 வயதில் ஓய்வை அறிவித்தார். 2018இல் அணி அவரைக் கௌரவித்தபோது அந்த எண்ணையே அரங்கில் எழுதி வைத்தார்கள்.

இவ்வளவு நல்ல ஆள் இருந்தும் அணி ஏன் தோற்றுக்கொண்டே இருந்தது?

ஐந்து பேரில் ஒருவர் தன் ஆளை மறித்துவிட்டார் என்பதால் மற்ற நான்கு பேரும் மறித்துவிட்டார்கள் என்று ஆகாது. ஐந்து பேரும் மறித்தாலும் எறிகிறவர் சரியாக எறிய வேண்டும். தாமஸ் காலத்தில் அவருக்குப் பின்னால் நின்ற குவாட்டர்பேக்குகள் ஏறத்தாழ இருபது பேர். டெரெக் ஆண்டர்சன், பிரேடி குவின், கோல்ட் மெக்காய், பிராண்டன் வீடன், பிரையன் ஹோயர், ஜானி மான்சியல் என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். தலைமைப் பயிற்சியாளர்கள் ஆறு பேர். நடுவில் அணியின் உரிமையாளரே மாறினார். ஒவ்வொரு முறையும் புதுத் திட்டம், புதுச் சொற்கள், பக்கத்தில் புது ஆள்.

வேடிக்கை என்னவென்றால் முதல் சீசன்தான் சிறந்த சீசன். 2007இல் 10 வெற்றி, 6 தோல்வி, அதே கணக்கில் இருந்த டென்னசிக்கு சமநிலை விதிப்படி பிளேஆஃப் இடம் போனது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். அந்த அடுத்த வருடம் வரவே இல்லை. 2016இல் 1-15, அவர் பாதியில் காயமடைந்த 2017இல் 0-16.

வேறு அணிக்குப் போயிருக்கலாமே?

2015 சீசன் நடுவில் டென்வர் பிராங்கோஸுக்கு மாற்றும் பேச்சு நடந்து, படியாமல் போனது. டென்வர் அந்த சீசனில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் 50ஐ வென்றது. தாமஸ் கிளீவ்லாந்திலேயே இருந்து அணி தலைநிமிர்வதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவந்தவர். விசுவாசமா பிடிவாதமா என்று கேட்டால் இரண்டும்தான். ஆனால் ஒன்று, நல்ல சம்பளம் கொடுத்தார்கள், குடும்பம் அங்கே வேரூன்றியிருந்தது, ஊர் கொண்டாடியது. தியாகி பட்டம் கொடுக்க வேண்டியதில்லை.

அவர் போன மூன்றாவது சீசனில் பிரவுன்ஸ் பிளேஆஃபுக்குள் நுழைந்து பிட்ஸ்பர்க்கை அதன் ஊரிலேயே 48-37 என்று வென்றது. என்னத்தைச் சொல்ல.

சம்பளம் எவ்வளவு?

2011இல் தாமஸ் ஏழு வருடத்துக்கு 8 கோடியே 40 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டார், அதில் 4 கோடியே 40 லட்சம் உறுதி செய்யப்பட்ட தொகை. செய்திகளில் பெரிய தொகையைத்தான் போடுவார்கள், நீங்கள் பார்க்க வேண்டியது உறுதித் தொகையை. மீதியை, அணி நினைத்தால் ஆளை வெட்டிவிட்டுக் கொடுக்காமல் போகலாம். 2024இல் டெட்ராய்ட்டின் பெனெய் சூவல், அதுவும் ரைட் டேக்கில், நான்கு வருடத்துக்கு 11 கோடியே 20 லட்சம் வாங்கினார். இவர்களெல்லாம் உச்சியில் இருக்கிறவர்கள். அணியின் 53 பேர் பட்டியலில் கடைசி லைன்மேனாக இருப்பவர் செவ்வாய்க்கிழமை வேலை போய், வியாழக்கிழமை வேறு ஊரில் புது ஆட்டப் புத்தகம் படித்துக்கொண்டிருப்பது சகஜம். மூன்று சீசன் கணக்கில் சேர்ந்தால்தான் ஓய்வூதியத் தகுதி, அதுவரை தாக்குப்பிடிப்பதே பலருக்குப் பெரிய இலக்கு.

பந்தைத் தொடவே மாட்டார்களா?

சென்டர் தொடுவார். மற்றவர்கள் கீழே விழுந்த பந்தை எடுக்கலாம், நடுவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு இறங்கினால் எறிந்த பந்தைப் பிடிக்கவும் செய்யலாம். எப்போதாவது ஒருவர் அப்படிப் பிடித்துப் புள்ளி எடுத்தால் அணி மொத்தமும் கூத்தாடும்.

அந்த எடையைச் சாப்பிட்டே வைத்திருக்கிறார்களா?

ஆமாம், அதுவும் வேலையின் ஒரு பகுதி. 6 அடி 6 அங்குலம், 140 கிலோ. தாமஸ் தன் சாப்பாட்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்: காலையில் முட்டை, இறைச்சி, பேன்கேக் என்று குவித்து, நாள் முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது தின்று, ராத்திரி ஒரு முழு பீட்சாவும் அதன் மேல் பிஸ்கட்டும் ஐஸ்கிரீமும். கேட்க சுகமாக இருக்கும், பசியே இல்லாமல் பதினோரு வருடம் சாப்பிட்டுப் பாருங்கள். ஓய்வு பெற்ற சில மாதங்களிலேயே 20 கிலோவுக்கு மேல் இறக்கினார். நீச்சல், யோகா, மாவுச்சத்தைக் குறைத்த சாப்பாடு. பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் தம்பியும் அண்ணனும் என்றுதான் நினைப்பீர்கள்.

எல்லாராலும் இது முடிவதில்லை. முழங்கால் போன பிறகு எடையைக் குறைப்பது எவ்வளவு சிரமம் என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே தெரியும்.

தலைக் காயம் பற்றி?

லைன்மேனுக்குப் பெரிய மோதல் குறைவு, சின்ன மோதல் ஒவ்வொரு ஸ்னாப்பிலும். மயக்கம் போடவைக்கும் அடி இல்லை என்பதால் யாரும் வெளியே அழைத்துப் போவதில்லை, ஆனால் அது சேர்ந்துகொண்டே போகிறது. மூளைச் சிதைவு நோயான சிடிஇ முதன்முதலில் கண்டறியப்பட்ட தொழில்முறை ஆட்டக்காரரும் ஒரு லைன்மேன்தான், நான்கு சூப்பர் பௌல் வென்ற பிட்ஸ்பர்க் சென்டர் மைக் வெப்ஸ்டர். 2002இல் 50 வயதில் இறந்தார், பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் பெனட் ஒமாலு அதைக் கண்டார்.

2017இல் வெளிவந்த ஆய்வில், லீக்கில் ஆடிய 111 பேரின் மூளையைச் சோதித்ததில் 110இல் சிடிஇ இருந்தது. சந்தேகப்பட்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானமாகக் கொடுக்கின்றன, அதனால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு வரும் என்று படிக்கக் கூடாது. ஆனாலும் எண் எண்தான். அந்த ஆய்வு வந்த இரண்டாம் நாள் பால்டிமோர் கார்டு ஜான் ஊர்ஷெல் 26 வயதில் ஆட்டத்தை விட்டார். அப்போதே எம்ஐடியில் கணிதத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர், இப்போது அங்கேயே கணிதப் பேராசிரியர். தாமஸும் ஆடிக்கொண்டிருக்கும்போதே, அதே 2017இல், தனக்கு ஞாபக மறதி தொடங்கியிருப்பதாகச் சொன்னார். அவருடைய கதையில் என்னை உறுத்துகிற இடம் இதுதான்.

புள்ளிவிவரமே இல்லாத ஆளை, இந்த விளையாட்டின் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்கு எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள்?

உண்மைதான், லைன்மேனுக்கு என்று லீக் அதிகாரபூர்வமாக வைக்கும் எண்கள் மிகக் குறைவு. எத்தனை முறை அவர் ஆளால் குவாட்டர்பேக் வீழ்த்தப்பட்டார் என்பதுகூட அதிகாரபூர்வக் கணக்கு இல்லை, பதிவைப் பார்த்து மற்றவர்கள் எண்ணுவதுதான். அதனால் எதிரே ஆடினவர்களின் பேச்சு, புரோ பௌல், ஆல்-புரோ தேர்வுகள், ஆட்டப் பதிவு இவற்றை வைத்தே முடிவாகிறது. தாமஸ் தகுதி பெற்ற முதல் வருடமே, 2023இல், தேர்வானார். விழா நடக்கும் கான்டன், கிளீவ்லாந்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம், கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். பிளேஆஃபில் ஒரு ஸ்னாப்கூட ஆடாதவர் முதல் முயற்சியிலேயே உள்ளே போனது சும்மா நடந்ததில்லை.

அவர் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றால் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

2009 டிசம்பர் 20, கான்சஸ் சிட்டியோடு நடந்த ஆட்டம். பிரவுன்ஸ் 41-34 என்று வென்றது, ஜெரோம் ஹாரிசன் என்கிற ஓட்டக்காரர் ஒரே ஆட்டத்தில் 286 யார்டு ஓடினார். பதிவு கிடைத்தால் முதல்முறை ஹாரிசனைப் பாருங்கள், ஆசை தீரட்டும். இரண்டாம் முறை பந்தை விட்டுவிட்டு, இடது ஓரத்து 73ஐ மட்டும், ஸ்னாப்புக்கு முன்னாலிருந்து விசில் வரை பாருங்கள். பக்கவாட்டுக் கேமராவைவிட கோல்கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுத்த காட்சி நல்லது, அதில்தான் காலும் இடைவெளியும் தெரியும்.